மூடாமல் விட்ட பொந்து

பிள்ளைகளே, இன்று வேலை முடிந்து ஸ்காபரோ நகர்மையத்திலிருந்து ரூஜில் இருக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் வரும் பஸ்ஸில், என் முன் சீற்றில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அதை உங்களுக்காக எழுதி வைக்கிறேன்.

"ஒரு முயல் பொந்தாலை என்ரை தம்பிக்கு வேலை போகப்போகுது, அக்கா," என்றாள் இளையவள். தம்பி அவுஸ்திரேலியாவில் ஒரு பண்ணையில் வேலை செய்கிறானாம்.

"ஏன், பிடிச்சுக் கறி வைச்சிட்டானோ?"

"இல்லையக்கா. அங்கை முயலுக்கு ஒரு வைரஸ் வருத்தம். பெரிய முயலெல்லாம் ரெண்டு மூண்டு நாளிலை செத்துப்போகுதாம். முயல் பெருகிப் பயிரை அழிக்குதெண்டு, மிச்சப் பொந்துகளையும் மூடச் சொல்லி முதலாளி சொன்னவர். இவன் ஒண்டை மூடேல்லை. உள்ளுக்கை பால் மறந்த குட்டியள் இருந்ததாம்."

"குட்டியளுக்கு அந்த வருத்தம் வராதோ?"

"வருமாம், ஆனால் சின்னனுகள் சாகாதாம். தப்பினால் பிறகு அந்த வருத்தம் அதுகளை ஒண்டும் செய்யாதாம். அதுகள்தான் வளந்து திரும்பப் பெருகுமாம்."

"அதுதானே முதலாளி மூடச் சொன்னவர்."

"ஓம். ஆனால் இவனும் தாய் தேப்பன் இல்லாமல் என்ரை கையிலை வளந்தவன்."

மூத்தவள் இளையவள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீ என்ன எழுதினனீ?"

"வேலை போனால் போகட்டும், மூடாதையடா எண்டு."

வீட்டுக்கு வந்ததும் நான் பின்வளவுக்குப் போனேன். எங்கள் பயிற்றங் கன்றுகளைத் தின்னும் முயல் நுழையாதபடி, வேலியடியில் நேற்று ஒரு பலகை அடித்திருந்தேன். இரண்டு ஆணிகளையும் பிடுங்கி, பலகையை எடுத்து வைத்தேன்.