மரத்துக்குப் பாதி, எனுக்குப் பாதி

...இன்னும் கொஞ்சம் அந்தாண்ட தள்ளி குந்துங்கண்ணா, ஃபேன் காத்து எனுக்கும் வரட்டும். கோச்சிக்காதீங்க. மார்கழியிலயே எனுக்கு வேர்த்து ஊத்துது. ப்ராஸ்டேட் கேன்சரு. ஆம்பள ஹார்மோன அடக்கறாங்களாம். மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, தெனம் வெறும் வயித்துல நாலு மாத்திரை. இதுக்கு புத்தூர்லேந்து பஸ் புடிச்சி இந்த திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வரணும். உங்களுக்கும் அதேதானா? அதான பாத்தேன், பேப்பர மடிச்சி விசிறிக்கினு கீறீங்களே.

நம்முளுது மாந்தோப்பு. எத்திராஜ்னா மாங்கா மண்டியில எழுந்து நிப்பானுங்க... சரி, நிக்க மாட்டானுங்க, தலையாட்டுவானுங்க. அப்பேர்ப்பட்டவன் போன வாரம் டிவி சீரியல்ல எவளுக்கோ கல்யாணம் நின்னு போச்சின்னு துண்ட வாயில வச்சிக்கினு அழுதேன். மாரு வேற வீங்கிப் போச்சி. என் பொண்டாட்டி சுந்தரி, "இன்னும் கொஞ்சம் வுட்டா என் ரவிக்கைய கேப்ப போல"ன்றா. சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, பரவால்ல.

அப்பத்தான் என் மூள வேல செஞ்சிது. மாமரத்து வேருல பூ மருந்து ஊத்தறோமில்ல, அதுவும் ஹார்மோன் சமாச்சாரந்தான். தோட்டக்கல ஆபீசரு சொன்ன அளவ நான் எந்த வருசமும் ஊத்துனதில்ல. பாதிதான். பக்கத்துத் தோப்பு நாகேந்திரன் முழுசா ஊத்தி, மரம் எல சுருண்டு போச்சி. என்னுது நல்லா கீது. மரத்துக்கு ஒரு நாயம், எனுக்கு ஒண்ணா? ரெண்டு மாத்திரைய முழுங்கிட்டு, ரெண்ட மரத்தடியில பொதச்சிக்கினு வந்தேன். அழறது நின்னுச்சான்னு கேக்கறீங்களா? எங்க. வேர்வையும் நிக்கல.

காலையில ரத்த ரிப்போர்ட்டு பாத்து டாக்டரம்மா மூஞ்சி சுருங்கிப் போச்சி. பிஎஸ்ஏன்னு கேன்சர் அளவு ஒண்ணு, அது ஏறிடிச்சாம். "மந்து பனி சேயட்லேது தாத்தா"ன்றாங்க. மருந்து வேல செய்யலியாம். அது எப்பிடி செய்யும், பாதி மண்ணுக்குள்ள கீது. இனிமே சலைன்ல ஏத்தற பெரிய மருந்தாம், முடியெல்லாம் கொட்டுமாம். அதுக்கு தேதி குடுக்கத்தான் குந்த வச்சிக்கிறாங்க. கொட்ட எனுக்கு இன்னா கீது, அத வுடுங்க. சுந்தரிதான்... தெனம் அந்த நாலு மாத்திரைய என் உள்ளங்கையில வச்சவ அவ. "என் கை ராசியில்ல"ன்னு அழுதுக்கினு கீறா. முட்டி தேஞ்சவ, திருமல படியில அந்த செங்குத்தான மோகாள மெட்டுல முட்டி போட்டே மல ஏறறேன்னு வேற வேண்டிக்கினா. எனுக்கு பயமா கீதுண்ணா. சொல்ல வாயே வரல.

உங்கள இப்ப கூப்புடுவாங்க. உள்ள போயி என் பேரு சொல்லாம கேளுங்களேன். ஒருத்தன் பாதி மாத்திரதான் துன்னுக்கினு இருந்தான், இனிமே ஒழுங்கா துன்னா அதே மருந்து கேக்குமான்னு. இன்னாண்ணா, தலைய குனிஞ்சிக்கினீங்க? அந்த பைய ஏன் மூடறீங்க? காட்டுங்க... போன தபா வாங்குன மாத்திர அட்டையெல்லாம் பிரிக்காமயே கீது.

உங்களுக்கும் மாந்தோப்பு கீதா?

எழுந்துருங்க. ரெண்டு பேருமே போலாம். மொதல்ல நீங்க சொல்லுங்க... சரி, நானே சொல்றேன். தோ, சுந்தரி டீ வாங்கிக்கினு வர்றா. சுந்தரி, டீய வச்சிட்டு நீயும் உள்ள வா. உன் கை மேல ஒரு தப்பும் இல்ல. அந்த முட்டி போடற வேண்டுதல என் பேருக்கு மாத்திக்க.