கன்ஃபூசியஸ் எதிரிகளின் பேய்

அந்தமானில், சாத்தமிலிருந்து பாம்பூஃப்ளாட் போகும் மாலை ஃபெரியில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் கட்டட வேலை சூப்பர்வைசர். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி. தத்துவப் பரீட்சைக்குப் படிக்கிறவர், மடியில் நோட்டு.

“பேய் சாட்சி சொல்லுமா மாப்ள?” என்று சூப்பர்வைசர் கேட்டார். நான் போனை அணைத்துவிட்டேன்.

“சொல்லும்னு சீனாவுல ஒரு கூட்டம் நம்புச்சு மச்சான். கன்ஃபூசியஸ்காரங்களுக்கு எதிரிங்க. கன்ஃபூசியஸ்காரங்க, பேயைப் பத்தி ரொம்ப யோசிக்காதே, சடங்கை ஒழுங்கா செய்ன்னாங்க.”

“நான் செஞ்சேனே! சாரத்துலேர்ந்து விழுந்து செத்தானே அந்த ஆளு, அவன் கருமாதிக்கு முதல் ஆளா போய் நின்னேன்.”

“ஆனா அன்னைக்கு அவர் வேலைக்கே வரலன்னு ஹாஜிரி புக்ல எழுதிட்டீங்க. அவர் பொண்டாட்டிக்கு இனி நஷ்டஈடு ஒண்ணும் கிடைக்காது.”

“அரே, எழுதினதை யாரும் பாக்கலடா.”

“அந்தக் கூட்டம் அதைத்தான் சொல்லுச்சு. ஆளே இல்லாத பள்ளத்தாக்குல தப்பு செஞ்சாலும் பேய் பாத்துரும், தண்டிக்கும்னு.”

ஃபெரி கரையை நெருங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் எழவில்லை.

“தண்டிக்கல மாப்ள. தினமும் வேலைக்கு வருது.”

“என்ன சொல்றீங்க?”

“காலைல புக்கைத் திறந்தா, நான் ஆப்சென்ட் போட்ட கட்டத்துல ஈரமா ஒரு கைநாட்டு. அந்தப் பக்கத்தை நாலு தடவை கிழிச்சுட்டு மறுபடி எழுதிட்டேன். இன்னைக்கு அது பக்கத்துக்கு அடியில நான் போட்ட கையெழுத்து மேலயே இருந்துச்சு.”