தளிக் கோபுரத்தின் பதில்

நம் தஸ்லிமின் மைத்துனர் ஜமீர் அகமதுவை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். அலைபேசிக் கோபுரங்களில் மைக்ரோவேவ் ரேடியோ பழுது பார்ப்பவர். உடன் வேலை செய்பவனின் சொல்லை அப்படியே நம்பிவிடுவார். எதிர்முனையில் நிற்பவனை நம்பாமல் அந்தத் தொழிலைச் செய்ய இயலாது என்பார்.

சென்ற மார்கழியில் ஒருநாள்... இரவு ஏழு மணி. ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டுச் சாலையில் யானை இறங்கிவிட்டதென்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காட்டோரக் கோபுரத்தடி அறையில் ஜமீர் தனியே இருந்தார். ரிசீவர் அலாரம் சிவப்பாக மின்னி, ‘கீ... கீ...’ என்று கத்தியது. இங்கு வரும் சிக்னல் தளி மலையில் உள்ள கோபுரத்தினுடையது. அங்கே டிரான்ஸ்மிட்டரை அணைத்த பின்னும் இங்கே சிக்னல் தெரிந்தால், வேற்று அலை கலக்கிறது என்று பொருள். தளிக்குச் சென்றிருந்த சந்தோஷைப் போனில் அழைத்தார்.

“அணைடா.”

“அணைச்சுட்டேன் பாய்.”

திரையில் சிக்னல் அளவு அசையவில்லை. போனுக்குள் ஒரு கண்டக்டர், “அத்திப்பள்ளி, அத்திப்பள்ளி” என்று கூவுவது கேட்டது. தளி மலையில் ஏது அந்தப் பேருந்து?

“தளி ரூம் சாவி எங்கடா?”

“எம் பாக்கெட்லதான் பாய்... ஓசூர் பஸ் ஸ்டாண்ட்ல இருக்கேன். செம குளிரு. நாளைக்குப் போய்க்கலாம்னு...”

ஜமீர் போனை வைத்தார். முந்திய ஆண்டு அதே தளிக் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்தவர், உடன் வேலை செய்த ஆஞ்சப்பன். கீழே கயிறு பிடித்து நிற்க வேண்டியவன் சந்தோஷ். “சொல்லச் சொல்லக் கேக்காம அவரே கயித்த அவுத்துட்டாரு” என்றான். அதை நம்பி, ஆஞ்சப்பனின் மனைவி மாரம்மாவின் எதிரிலேயே அவனுக்காகப் பேசியவர் ஜமீர்.

அறையில் திடீரென்று நனைந்த கயிற்றின் வாடை...

திரையில் சிக்னல் அறவே விழுந்தது. மீண்டும் எழுந்தது.

தளியிலிருந்து தம் குரல் இங்கே எட்டாத நாள்களில் ஆஞ்சப்பன் டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் போட்டே பதில் சொல்வார். ஒருமுறை என்றால் ஆம். இருமுறை என்றால் இல்லை.

“அண்ணா... நீங்களா?”

ஒருமுறை விழுந்து எழுந்தது.

“அன்னிக்கு அவன் கீழ இருந்தானா?”

விழுந்தது. எழுந்தது. ஜமீர் மூச்சடக்கிக் காத்திருந்தார்...

மறுபடியும் விழுந்தது.

போன் ஒலித்தது. சந்தோஷ். “பாய், ஆபீஸ்ல சொல்லிராதீங்க.”

“அன்னிக்கும் நீ கீழ இல்லியாடா?”

“யாரு பாய் சொன்னாங்க?”

ஜமீர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“காலைல மாரம்மா வீட்டுக்குப் போறேன். அவங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லன்னு சொல்லிட்டு வர்றேன்.”