மாப்பிள்ளையை விட்டு வேலியைப் பார்த்தவர்கள்

மைசூரில் நல்ல மழை. ஹனூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஹனூரைத் தாண்டியுள்ள கௌதள்ளி ஊர்க்காரக் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மகனை இங்கே ஒரு கம்பெனி வேலையில் சேர்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“பொண்ணு வூட்டுக்காரங்க நம்ம பையனையா பாத்தாங்க? வேலியில கள்ளியும் வேலாமரமும் நிக்கறதப் பாத்துட்டு வேண்டாம்னு போயிட்டாங்க,” என்றார் அவர்.

“வாய்க்கா பாயற ஊர்க்காரங்க. பயமாத்தானுங்க இருக்கும்.”

“நாலு தென்னை வெச்சிருந்தா குடுத்திருப்பாங்க.”

“தண்ணிக்கு? கொடத்துல சொமந்து நீங்க ஊத்துவீங்களாக்கும்! இங்க பாருங்க, எப்படிக் கொட்டுது. நம்மூருக்கு வாரதுக்குள்ள மேகம் காலியாயிருது.”

அவர் சிரித்தார். அந்த அம்மாவின் போன் அடித்தது. பேசியது கல்யாணத் தரகர். போனை வைத்துவிட்டு அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார்.

“பையனுக்கு மைசூர்ல வேலைன்னதும் அதே பொண்ணு வூட்டுக்காரங்க சம்மதிச்சுட்டாங்களாமுங்க. ஆனா கல்யாணம் ஆனாலும் அவன் இங்கயேதான் இருக்கோணுமாம். ஊருக்குத் திரும்பக்கூடாதாம்.”

“சரின்னு சொல்லீரு, புள்ள.”

பஸ் கிளம்பி நரசிபுரம் தாண்டியதும் அவர் மனைவியிடம் கேட்டார்.

“நம்ம ராகிக்காடு எத்தனை ஏக்கருன்னு கேட்டாங்களா?”

“இல்லீங்க. அதக் கேக்கவே இல்ல.”