இருநூறு டிகிரியில் ஒன்பது முகங்கள்

"விழுந்து படுங்கோ!"

யாரோ கத்துகிறார். நான் படுக்கவில்லை. ஓடுகிறேன். காலை ஆறு பத்து. முதல் பீரங்கி செல் தென்னந்தோப்பில் விழுகிறது. விசில் போல ஒரு சத்தம். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு நிலம் குதிக்கிறது. இரண்டாவது என் முதுகுக்குப் பின்னால். மாதா கோயில் மேல். உள்ளே என் மனைவி, மகள், இன்னும் ஏழு பேர். நாங்கள் சைவ சமயம். ஆனால் வன்னியில் அந்தக் கடற்கரையில் கல் சுவர் அதற்கு மட்டும்தான் இருந்தது. தண்ணீர் எடுக்க வெளியே வந்தவன் நான். ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்தவள், ஒவ்வொருவராக வெளியே இழுத்தவள், என் அக்கா செல்வமணி.

மூன்றாம் வகுப்பு தாண்டாதவன் நான். அக்காவோடு தமிழ்நாட்டு அகதி முகாமுக்கு வந்து, அங்கிருந்து ஓசூருக்குக் கூலியாக வந்தேன். இன்று மூக்கண்டப்பள்ளியில் என் பட்டறை. பைக் பாகங்களுக்கு வண்ணப் பொடி தூவி ஓவனில் சுட்டுத் தருகிறோம். என் ஓவனில் வெந்த வண்ணம் உரியாது. எந்த இன்ஜினீயரும் வந்து சுரண்டிப் பார்க்கட்டும்.

அந்தக் கோயிலை ஊரில் மிஞ்சியவர்கள் நினைவாலயமாகத் திரும்பக் கட்டினார்கள். போட்டோ என் போனுக்கு வந்தது. இறந்தவர்களின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. போர்டு எழுதும் முனிராஜைக் கூப்பிட்டேன். நாலடி இரும்புத் தகட்டில் கோயிலை வரைந்தார். படிகளில் ஒன்பது பேர். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். மூக்கு இன்னும் சப்பை. இடது புருவத்தில் ஒரு வெட்டு. அவள் தலையாட்டிய பிறகுதான் அடுத்த முகம். பன்னிரண்டு நாள். கடைசி முகம் முடிந்த மறுவாரம் அக்கா இறந்துபோனாள்.

படத்தைப் பட்டறை வாசலில் மாட்ட நினைத்தேன். மழை படும். ஓவனில் வைத்துக் கெட்டியாக்கலாம் என்றேன்.

"இது கையால பூசுன எனாமல் பெயிண்டுங்ணா. ஓவன் ஆவாது."

"உன் எனாமல் நாலு மழை தாங்கும். என் ஓவன்ல வெந்தா உன் பேரன் வந்து பார்ப்பான்."

செவ்வாய்க்கிழமை. பதினொன்று இருபது. தகட்டை ஓவன் கொக்கியில் மாட்டுகிறேன். இருநூறு டிகிரி. கதவு மூடுகிறது. ஊதுகாற்றின் இரைச்சல். நாலாவது நிமிடம் ஒரு வாடை. பிறகு பட், பட், பட்.

"கதவத் தொறங்க! எரியுது!" முனிராஜ் கத்துகிறார்.

கதவைத் திறந்து வெறுங்கையால் கொக்கியை இழுத்தேன். இரும்பில் தோல் ஒட்டிக்கொண்டது. புகை. தகடு வெளியே வருகிறது. கோயில் கொப்பளித்துக் கிடக்கிறது. படிகளில் கறுப்பு. வேறொன்றும் இல்லை.

முனிராஜ் என்னைத் திட்டவில்லை. கீழே உட்கார்ந்து தகட்டையே பார்த்தார்.

"கோயில மறுக்கா வரைஞ்சிரலாங்ணா. போட்டோ இருக்குது. இவங்கள நீங்க சொல்லுங்க. பாப்பாவுக்கு மூக்கு எப்டி?"

யோசித்தேன். பக்கத்துப் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் அடிக்கும் சத்தம் கேட்டது. மகளின் மூக்கு எனக்கு நினைவில்லை; சொல்லத் தெரிந்தவள் அக்காதான்.

படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். மனைவி புவனம். மகள் தர்சினி, ஆறு வயது. மாமா கந்தையா. அவர் மகன்கள் இருவர். பக்கத்து வீட்டு ரோசலின். அவள் கைக்குழந்தை. கோயிலில் விளக்கேற்றும் சூசை. பெயர் தெரியாத ஒரு கிழவி.

செல்லில் போனது ஒன்பது உயிர். ஓவனில் போனது ஒன்பது முகம்.