அந்தப் பச்சை மரத்தினுடையது

தலைமை ஏற்றிருக்கும் ஆய்வுக்கூடத் தலைவர் இங்கெலா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஸ்தூரே அவர்களே, சுண்ட்ஸ்வால் நகரத்து நண்பர்களே, வணக்கம்.

டாக்டர் குன்வோர் ஹெட்க்விஸ்ட் மறைந்து ஆறு நாளாகிறது. எனக்கு அழுகை வரவில்லை. நாற்பது மரச்சீவல்கள் வெட்டி வைத்திருக்கிறேன். யார் பார்க்க? தெரியவில்லை. கை பழகிவிட்டது, வெட்டுகிறது.

முப்பது வருடம் வேதியியல் வாத்தியாராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு அவர் நுண்ணோக்கியில் பார்க்கச் சீவல் வெட்டிக் கொடுத்தேன். அவர் செய்தது என்ன? ஒரு பை நிறையப் பொத்தான்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நாலு துளைப் பொத்தானை மட்டும் பிடிக்கும் ஒரு கை. புரதத்தை மாற்றியமைத்து அப்படியொரு கையை உண்டாக்கினார். மரத்துக்குள் இருக்கும் ஒரேயொரு சர்க்கரைச் சங்கிலியை அது பிடிக்கும். பிடித்த இடம் பச்சையாக ஒளிரும். முதிர்ந்த ஸ்ப்ரூஸ் மரத்தில் அவர் எடுத்த பச்சைப் படத்தை அறியாதவர் இங்கே உண்டா!

போன மாதம் ஒரு முதிர்ந்த சீவலுக்குப் புரதம் போட மறந்துவிட்டேன். அதுவும் பச்சையாக ஒளிர்ந்தது.

"குன்வோர், இதுல நான் புரதமே போடலையே!"

நெடுநேரம் குனிந்து பார்த்தார். "அடப்பாவி ரூனே! பதினோரு வருஷம் எவனும் கண்டுபிடிக்கல. உன் மறதி கண்டுபிடிச்சிருச்சே!"

பதினோரு வருடம் முன்பு படம் எடுத்தபோதும் புரதம் படாத வெறும் சீவலை அவர் பார்த்திருந்தார், இளமரத்தில் மட்டும். அது ஒளிரவில்லை. முதிர்ந்த மரத்துக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டார். முதிர்ந்த மரம் தானாகவே ஒளிரும். என் மறதி தெரிந்த அன்று மாலையே, படம் வெளியான இதழுக்குத் திருத்த மடல் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்தார்; அனுப்புவதற்குள் போய்விட்டார்.

சற்று முன் காப்பி குடிக்கையில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "போனவங்க பேரை இப்ப எதுக்கு கெடுக்கணும்?" நல்லெண்ணத்தில்தான் கேட்டார். பேர் எதில் இருக்கிறது நண்பர்களே? படத்திலா? மடலிலா?

அவர் கணவர் ஸ்தூரே காலையிலேயே சொல்லிவிட்டார்: "அது அவ மேசையில கெடக்கு. நீ அனுப்புறியா, நான் அனுப்பட்டுமா?"

நான் அனுப்புகிறேன், ஸ்தூரே. நாளைக் காலை எட்டு மணிக்கு, அவர் பெயரில், ஒரு சொல்லும் மாற்றாமல். முதல் வரி இது: 'அந்தப் பச்சை என்னுடைய புரதத்தினுடையது அல்ல; மரத்தினுடையது.'

பிறகு முதிர்ந்த மரத்தை முதலிலிருந்து பார்ப்போம். அந்த மறதிக்குப் பின் தினமும் நான் கோட்டைக் கழற்றும் முன்பே கேட்பார்: "வெறும் சீவல் எங்கய்யா?"

நாற்பதில் முதல் சீவல் அதுதான், குன்வோர். புரதம் போடவில்லை. இந்த முறை மறதியால் அல்ல.