ஓடுற பொட்டு

லோஜன்: இன்னும் எத்தனை வாட்டிதான் புரட்டுவ? நாப்பது வீடியோ, நாப்பது நம்பர், எல்லாம் அந்தக் கொப்பியில எழுதிட்டேன். பேக்க மூடு.

கிருஷாந்தி: மூடிட்டேண்ணே. இந்தப் பதினாலாம் வீடியோ மட்டும்... ஏழா, ஒன்பதா? கோழி கிளறின மாதிரி எழுதியிருக்கீங்க.

லோஜன்: மடுவத்துல நின்னுகிட்டே தேயிலைக் கொழுந்து நிறுத்து எழுதுற கை இது. எழுத்து வெளங்கலன்னு அங்க ஒரு பொம்பளையும் சொன்னதில்ல.

கிருஷாந்தி: சொன்னா நீங்க விடுவீங்களா?

லோஜன்: ஒன்பது. ஒன்பது செக்கன். போதுமா?

கிருஷாந்தி: நல்லாப் பார்த்தீங்களா?

லோஜன்: இந்தா, மூணு மணி பஸ்ஸ உட்டுட்டா அப்புறம் அட்டனுக்கு அஞ்சு மணிக்குத்தான். கண்டிக்குப் போய்ச் சேர விடிஞ்சிரும்.

கிருஷாந்தி: ரெண்டேகால்தான் ஆகுது. ஏன் இப்படி விரட்டுறீங்க?

லோஜன்: விரட்டல... டீ ஊத்தட்டா?

கிருஷாந்தி: நீங்களா? அண்ணி கோயிலுக்குப் போன தைரியமா?

லோஜன்: உங்கண்ணி அங்க சும்மாவா இருக்கும்? எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமையில சயன்டிஸ்ட்டு வேலை பார்க்குறாருன்னு பொகவந்தலாவை பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியுது.

கிருஷாந்தி: என்ன வேலைன்னு கேட்டா என்னா சொல்லுவீங்க?

லோஜன்: ஏன், எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எலைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ரூம்பு ரூம்பா இருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் நூல் நூலா கம்பி ஓடுது. அதுக்குப் பேரு... ஆக்டீன்...

கிருஷாந்தி: ஆக்டின்.

லோஜன்: அதான். அந்தக் கம்பியப் புடிச்சிக்கிட்டுத்தான் பொட்டுப் பொட்டா சாமான் ஓடுது. மேல இருந்து கொழுந்து மூட்டைய முந்தி கம்பியில எறக்குவாங்களே, அந்த மாதிரி. கம்பி கண்ணுக்குத் தெரியாதுன்னு நீங்க அதுல பச்சையா மின்னுற ஒண்ண ஒட்ட வச்சிருக்கீங்க.

கிருஷாந்தி: நான் ஒட்ட வைக்கல. அந்தச் செடியே ஒட்ட வச்சிக்கும். விதையிலேயே அப்படி மாத்தியிருக்கு.

லோஜன்: எதுவோ. கம்பி தெரியணும்னு அது நெடுக துணியக் கட்டினா, மூட்டை துணியில முட்டி மெதுவாப் போகுமா, போகாதா? அதான உன் கேள்வி?

கிருஷாந்தி: அண்ணே... எங்க லேப் மேடம் கூட இவ்வளவு சுருக்கா சொன்னதில்ல.

லோஜன்: போடி, கிண்டல் பண்ணாத. எனக்கு வெளங்காத ஒண்ணே ஒண்ணுதான். லேப்ல அவ்வளவு மிசின் இருக்கு, அவ்வளவு படிச்ச ஆளு இருக்கு. கோட்டுக்குக் கோடு பொட்டு ஓடுற நேரத்த ஃபோனப் புடிச்சிப் பார்க்க நான்தான் கெடைச்சேனா?

கிருஷாந்தி: மிசின் ரெண்டு மாசமா ரிப்பேரு. நான் பார்க்கக் கூடாது. எனக்கு ஆசை இருக்கு இல்லையா? எனக்கு வேண்டிய மாதிரிதான் என் கண்ணு பார்க்கும். அதான் பச்சை உள்ளது, இல்லாதது ரெண்டையும் கலந்து, கலர எடுத்துட்டு, வெறும் நம்பர் போட்டு வாரம் பத்தா உங்ககிட்ட குடுத்தேன்.

லோஜன்: எனக்கு ஆசை இல்லன்னு உனக்கு யாரு சொன்னா...

கிருஷாந்தி: என்னாண்ணே?

லோஜன்: ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒரே வேகமா வந்தா உனக்கு நல்லது. அவ்வளவுதான?

கிருஷாந்தி: ம். நல்லது. குளிர்ல இந்தப் பச்சைச் செடியில பொட்டு எப்படி ஓடுதுன்னு நான் ரெண்டு வருஷமாப் பார்த்தது எல்லாம் நிக்கும். நிலக்ஷிக்கும் நல்லது.

லோஜன்: அது யாரு?

கிருஷாந்தி: புதுசா வந்திருக்க புள்ள. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் தோட்டம். அவ லயத்து வரிசை வீடுகள்லருந்து கெம்பஸ் வந்த மொத ஆளு. நாளைக்கு நான் இந்த நம்பரக் குடுத்ததும் அவ அதே பச்சை விதையப் போடுவா. மூணு வருஷ வேலை.

லோஜன்: அதே விதையா?

கிருஷாந்தி: என் நம்பர நம்பித்தான். விதை போடுற தட்டெல்லாம் கழுவி அடுக்கி வச்சிருக்கு. அக்கா அக்கான்னு பின்னாலயே சுத்துது.

லோஜன்: அந்தக் கொப்பியக் கொஞ்சம் இப்படிக் குடு.

கிருஷாந்தி: டீ ஊத்துறேன்னீங்க?

லோஜன்: கிருஷா... பதினாலு, ஒன்பது இல்ல.

கிருஷாந்தி: ஏழா?

லோஜன்: பதிமூணு. பதினாலு மட்டுமில்ல. மெதுவாப் போன எல்லாமே. பதிமூணு வந்தா ஒன்பதுன்னு போட்டேன். பன்னெண்டு வந்தா எட்டுன்னு போட்டேன்.

கிருஷாந்தி: எத்தனை வீடியோ?

லோஜன்: பத்தொன்பது, இருபது... பாதி இருக்கும்.

கிருஷாந்தி: பாதிதான் பச்சை.

லோஜன்: எது பச்சைன்னு எனக்குத் தெரியாது. சாமி சத்தியமாத் தெரியாது! மெதுவா இழுத்துக்கிட்டுப் போனத மட்டும்தான் தொட்டேன்.

கிருஷாந்தி: ஏண்ணே?

லோஜன்: பொங்கலுக்கு வந்தப்ப வீட்டுக்குப் பின்னால நின்னு ஃபோன்ல அழுதியே. மெதுவான்னு வந்தா ரெண்டு வருஷமும் குப்பைக்குத்தான், இருக்கிறது இன்னும் ஒரு வருஷம்தான்னு... தண்ணி எடுக்க வந்தவன் கேட்டுட்டேன்.

கிருஷாந்தி: கேட்டீங்களா?

லோஜன்: மடுவத்துல தராசு பதினேழரைன்னு காட்டும். முழு நாள் சம்பளத்துக்குப் பதினெட்டு கிலோ வேணும். மூட்டைய எறக்கி வச்சிட்டு அந்தப் பொம்பளை வாயத் தொறந்து ஒண்ணும் கேட்காது, என் முகத்தையே பார்க்கும். என் கை தானா பதினெட்டுன்னு எழுதிரும். பதினஞ்சு வருசமாப் பழகின கை. இந்தப் பொட்டும் ஒவ்வொண்ணு அப்படித்தான் இழுத்துக்கிட்டுப் போகுது. பாவமா இருந்திச்சு.

கிருஷாந்தி: பொட்டு மேலயா பாவம்?

லோஜன்: உன் மேலதான்டி! அரை கிலோ கூட்டிப் போட்டா ஒரு வீட்டுல அடுப்பு எரியும், யாருக்கும் கேடில்ல. அதே மாதிரிதான்னு நினைச்சேன். இன்னொரு புள்ள இதுல வந்து நிக்கும்னு எனக்கு எங்க தெரியும்? மூணு வருசம்... எவ்வளவு பெரிய பாவம். என்னைய நல்லா ஏசு கிருஷா.

கிருஷாந்தி: ஏசலண்ணே. உக்காருங்க.

லோஜன்: பஸ்ஸ விடு. வீடியோவப் போடு. மறுபடி பார்ப்போம், உள்ளத உள்ளபடி போடுறேன்.

கிருஷாந்தி: இனிமே நீங்க பார்த்தாலும் சரிவராது, நான் பார்த்தாலும் சரிவராது. வேற யாராவது பார்க்கட்டும். நான் நாளைக்கு மேடம்கிட்ட சொல்லப் போறேன்.

லோஜன்: உன் ரெண்டு வருசம்?

கிருஷாந்தி: போனது போகட்டும். பச்சை போட்டா வேகம் கொறையுதுன்னு சொல்றதும் ஒரு பதில்தான். அதையாவது ஒழுங்கா எழுதுறேன். நிலக்ஷி தட்டுல மண்ணு போடுறதுக்கு முன்னாடி நான் போய்ச் சேரணும்.

லோஜன்: அப்ப ஒண்ணு செய். என் பேரச் சொல்லு. எங்கண்ணன் தோட்டத்து ஆளு, பெருசா படிக்கல, பாசத்துல தெரியாமப் பண்ணிட்டாருன்னு சொல்லு. வேணும்னா நானே மேடத்துக்கு ஃபோன்ல கோல் எடுக்குறேன். உன்னைய ஒரு வார்த்தை சொல்லக் கூடாது அவங்க.

கிருஷாந்தி: முடியாதுண்ணே.

லோஜன்: எனக்கென்ன மானம் போகுது? அந்த மேடம் என்னையக் கண்டாங்களா? பண்ணினது நான், பேரு வாங்கிறது நானா இருக்கட்டும். உனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லு, அவ்வளவுதான்!

கிருஷாந்தி: ரெண்டாவது வாரமே ஒரு வீடியோவ நான் தனியா எடுத்துப் பார்த்தேண்ணே. எனக்குப் பதிமூணு வந்திச்சு, நீங்க ஒன்பதுன்னு போட்டிருந்தீங்க. தெரிஞ்சிதாண்ணே... தெரிஞ்சிதான் மிச்ச முப்பதையும் உங்ககிட்டயே கொண்டாந்து குடுத்தேன்.